தானாக ஏறும் ஆயில்

பழைய பெட்ரோல் காரில் என்ஜின் ஆயில் குறைவதுதான் இயல்பு. ரிங்கும் போரும் தேய்ந்த என்ஜின் ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். கேஸ்கெட் ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கசியும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் அப்படியே நின்றால் வண்டிக்காரர் மகிழ்வார், அனுபவமுள்ள மெக்கானிக் சந்தேகப்படுவார். மட்டம் ஏறியே இருந்தால் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆயில் தானாகப் பெருகாது. தண்ணீரோ பெட்ரோலோ அதில் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீரைக் கண்டுபிடிப்பது சுலபம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் அப்படிக் காட்டிக்கொள்ளாது. அது எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். ஆயிலை மாற்றிவிட்டு வண்டியை அனுப்பும் பட்டறைகள் இந்த இரண்டாவது வேலையைத் தொடுவதே இல்லை.

இதை விளக்க அம்பாசடர் பொருத்தமான வண்டி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது. அதன் 1489 சிசி பி-சீரிஸ் என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்தது. இதே என்ஜின்தான் இரண்டு கார்புரேட்டரோடு எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது என்று சொன்னால், அம்பாசடரைக் கட்டை வண்டி என்று கேலி செய்பவர்கள் நம்ப மாட்டார்கள். பம்பாயில் தயாரான 1089 சிசி பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் எரிபொருள் விஷயத்தில் அதே அமைப்புதான்: டேங்க் பின்னால், கேம்ஷாஃப்ட் தள்ளி இயக்கும் டயாஃப்ரம் பம்ப் என்ஜின் பக்கவாட்டில், ஃப்ளோட் கிண்ணம் வைத்த கார்புரேட்டர் மேலே. ஒன்றில் பழகிய கை மற்ற இரண்டிலும் தடுமாறாது.

அம்பாசடரின் சம்ப் ஏறக்குறைய 4 லிட்டர் ஆயில் பிடிக்கும். அதில் 2 சதவீதம் என்றால் 80 மில்லி, டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தரும் ஒரு டீ அளவு. 5 சதவீதம் என்றால் 200 மில்லி. ஆயில் பரிசோதனைக் கூடங்கள் பொதுவாக 2 சதவீதத்தை எச்சரிக்கை எல்லையாகவும் 5 சதவீதத்தை ஆயிலை உடனே கொட்டவேண்டிய எல்லையாகவும் வைத்துக்கொள்கின்றன. இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இந்தக் கெடுபிடி என்பதை ஆயிலின் கிரேடு விளக்கும். இந்த வண்டிகளுக்கு வழக்கமாக ஊற்றுவது 20டபிள்யூ-50. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஸ்ஏஇ 50 ஆயிலின் பிசுபிசுப்பு 16.3 சென்டிஸ்டோக்சுக்குக் கீழே போகக்கூடாது. 12.5 முதல் 16.3 வரை 40 கிரேடு, 9.3 முதல் 12.5 வரை 30 கிரேடு. சில சதவீதம் பெட்ரோல் சேர்ந்தாலே 50 கிரேடு ஆயில் 40 ஆகிவிடும், இன்னும் சேர்ந்தால் 30. டப்பாவில் 50 என்று எழுதியிருப்பதை பேரிங் படித்துப் பார்ப்பதில்லை. கிராங்க் பேரிங்கிலும், கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் உரசும் இடத்திலும் ஆயில் படலம் மெலிந்து, இரும்பு இரும்பைத் தொடத் தொடங்கும். போர் சுவரில் ஒட்டியிருக்கவேண்டிய ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு இறங்குவதால் ரிங் இன்னும் வேகமாகத் தேயும். தேய்ந்த ரிங் வழியாக மேலும் பெட்ரோல் இறங்கும். இந்த வட்டம் சுற்றத் தொடங்கினால் தானாக நிற்காது.

பெட்ரோல் என்பது ஒரே ஒரு திரவம் அன்று. ஏறக்குறைய 35 டிகிரியில் ஆவியாகத் தொடங்கும் லேசான பகுதியிலிருந்து 200 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும் கனமான பகுதிவரை பலவற்றின் கலவை. என்ஜின் நன்றாகச் சூடாகி வெகுதூரம் ஓடும்போது ஆயிலில் இருக்கும் லேசான பகுதி ஆவியாகி பிரீதர் வழியே வெளியேறிவிடும். கனமான பகுதி ஆயிலிலேயே தங்கும். பரிசோதனையில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஓட்டி வந்த காரின் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் வாசனை இருக்காது. வண்டி சுத்தம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதே கார் இரண்டு வாரம் தெருவுக்குள்ளேயே காய்கறி வாங்கிவர மட்டும் ஓடியபின் வந்தால் டிப்ஸ்டிக் பெட்ரோல் பங்க் மாதிரி மணக்கும். வண்டிக்காரர் கொண்டுவரும் இன்னொரு புகாரும் இதன் மறுபக்கமே: “ஊருக்குள்ள ஓடுறப்ப ஆயில் குறையவே இல்ல, ஊருக்குப் போய்ட்டு வந்தா அரை லிட்டர் காணோம்.” நெடுஞ்சாலையில் காணாமல் போனது பெரும்பாலும் ஆயில் அன்று, அதுவரை ஆயில் என்று கணக்கில் இருந்த பெட்ரோல். மட்டத்தைப் பெட்ரோல் தாங்கிப் பிடித்திருந்ததால் என்ஜின் ஆயில் குடிப்பதும் தெரியாமல் இருந்திருக்கிறது.

கொஞ்சம் பெட்ரோல் இறங்குவது எல்லாக் கார்புரேட்டர் வண்டிக்கும் உள்ளதே. குளிர்ந்த என்ஜினை சோக் இழுத்துக் கிளப்பும்போது கலவை செறிவாக இருக்கும். முழுதும் ஆவியாகாத பெட்ரோல் சுவரில் படிந்து ரிங்கைத் தாண்டி வழியும். சூடு ஏறியதும் அது வெளியேறிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் நம் ஊரில் இந்தக் கணக்கை நேராகவிடாத ஒரு பழக்கம் உண்டு. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜினில் தண்ணீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்வரும். குறுகிய ஓட்டத்தில் என்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. வண்டி கொதிக்காமல் ஓடுகிறது என்று வண்டிக்காரர் நிம்மதியாக இருக்க, கீழே சம்பில் பெட்ரோலும் நீராவியும் சேர்ந்து கசடாக மாறிக்கொண்டிருக்கும். கொதிக்கும் வண்டிக்கு மருந்து ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது. தெர்மோஸ்டாட்டை எடுப்பது நோயை இடம் மாற்றி வைப்பதுதான். ஆயில் மட்டம் ஏறும் அம்பாசடர் வந்தால் தெர்மோஸ்டாட் உறைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது பிறகு பல மணிநேர வேலையை மிச்சப்படுத்தும்.

மட்டம் பார்ப்பதற்கு உரிய நேரம் காலை, என்ஜினைக் கிளப்பும் முன். வண்டி சமதரையில் நிற்கவேண்டும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுதும் செருகி, மறுபடி உருவிப் பார்க்கவேண்டும். ஏறியிருப்பது உண்மையா என்பதையும் தீர்த்துக்கொள்ளவேண்டும். போன சர்வீசில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். வேறு வண்டியின் டிப்ஸ்டிக் இதில் செருகப்பட்டிருக்கலாம். பழைய வண்டிகளில் இது அதிசயமில்லை. சந்தேகம் இருந்தால் ஆயிலை இறக்கி, அளந்து ஊற்றி, டிப்ஸ்டிக்கில் புதுக் கோடு போட்டுவிடுவது நல்லது.

அடுத்து தண்ணீரை விலக்கவேண்டும். ஆயில் வெளிறிப் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, ஃபில்லர் மூடியின் அடியில் வெண்ணிறக் களிம்பு படிந்திருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ பார்வை ஹெட் கேஸ்கெட் பக்கம் போகவேண்டும். மூடியில் மட்டும் களிம்பு இருந்து டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது குறுகிய ஓட்டத்தில் சேர்ந்த நீராவி. கேஸ்கெட்டை அதற்காகக் கழற்றவேண்டாம். சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டால் தண்ணீர் கலந்தது படபடவென வெடித்துத் தெறிக்கும். இந்தச் சோதனையை வண்டியிலிருந்து தள்ளி, ஒரே ஒரு சொட்டில், நெருப்பில்லாத மின் தட்டில் செய்யவேண்டும். டிப்ஸ்டிக் நுனியில் தீக்குச்சி கொளுத்திப் பற்றுகிறதா என்று பார்க்கும் பழைய பட்டறை வித்தையைக் கைவிடவேண்டும். புது ஆயில் 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் ஆவியைத் தரும். பெட்ரோல் கலந்ததோ சாதாரணச் சூட்டிலேயே தரும். அந்த ஆவி டிப்ஸ்டிக் துளை வழியாகவும் வந்துகொண்டிருக்கும் என்பதைத் தீக்குச்சி கொளுத்துபவர் மறந்துவிடுகிறார்.

தண்ணீர் இல்லை என்று ஆனபின் மூக்கும் விரலும் வேலைக்கு வரும். விரலிடையே ஆயிலைத் தேய்த்தால் புதியது வழுக்கிக்கொண்டு நிற்கும், பெட்ரோல் கலந்தது சட்டென விலகித் தோல் உரசுவது தெரியும். டிப்ஸ்டிக்கிலிருந்து சொட்டும் வேகமும் கூடியிருக்கும். ஆனால் மூக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. பெட்ரோலில் கை கழுவியே பழகிய மூக்குக்கு எல்லாமே பெட்ரோல் வாசனைதான். அதே மூக்குக்குச் சில நாளில் எதுவும் தெரியாது. அதே பிராண்டு புது ஆயிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் சோதனை சோதனையாகும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, மேல் விளிம்பில் புது ஆயில் ஒரு சொட்டு, பழைய ஆயில் ஒரு சொட்டு விட்டு எது முந்தி இறங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். இன்னொன்று ஃபில்டர் பேப்பர் சோதனை. தாளின் நடுப்பகுதி எதையும் தொடாதபடி ஒரு டம்ளர் வாயில் வைத்து ஒரு சொட்டு விட்டு, சில மணிநேரம் ஆடாமல் விட்டுவிடவேண்டும். கரி நடுவில் கறுப்பாகத் தங்கும். ஆயில் அதைச் சுற்றிப் பரவும். பெட்ரோலின் கனமான பகுதி அதற்கும் வெளியே வெளிறிய வளையமாக நிற்கும். புது ஆயிலின் சொட்டை அதே தாளில் வைத்து ஒப்பிட்டால் அந்த வெளி வளையம் கண்ணுக்குப் பிடிபடும்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. மல்டிகிரேடு ஆயிலில் சேர்க்கப்பட்ட பாலிமர், கியர்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அறுபட்டு, பெட்ரோல் இல்லாமலேயே ஆயிலை மெலியவைக்கும். மறுபுறம், வெகுநாள் மாற்றாத ஆயில் கரியாலும் ஆக்சிஜனேற்றத்தாலும் தடித்துப்போய், பெட்ரோல் உண்டாக்கிய மெலிவை மறைத்துவிடும். மெலிவு, வாசனை, மட்ட ஏற்றம் மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து சொன்னால்தான் முடிவுக்கு வரலாம். ஐயம் தீராத விலையுயர்ந்த என்ஜினுக்கு ஆய்வகம் இருக்கிறது. கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பெட்ரோலின் சதவீதத்தையே எண்ணாகக் கொடுப்பார்கள். சாம்பிளை ஆயில் இறக்கும்போது நடுத் தாரையில் பிடித்து, சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி அனுப்பவேண்டும். தளர்ந்த மூடி வழியே போவது எதைத் தேடுகிறோமோ அதுவேதான்.

இனிதான் உண்மையான வேலை. பெட்ரோல் சம்புக்குள் இறங்க முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று சிலிண்டர் வழி: எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி வழிவது. மற்றது பம்ப் வழி: டயாஃப்ரம் கிழிந்து நேராக என்ஜினுக்குள் ஒழுகுவது. எந்த வாசல் என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லிவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வைத்துப் பார்க்கவேண்டும். நான்கும் கரிபிடித்துக் கறுத்திருந்தால் கார்புரேட்டரோ சோக்கோ செறிவான கலவையைத் தருகிறது. ஒன்று மட்டும் நனைந்து மற்றவை நன்றாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி இல்லை, அல்லது அழுத்தம் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து கெட்டிருந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம், அல்லது பிளக் ஒயர் மாற்றி மாட்டப்பட்டிருக்கலாம். நான்கும் காபி நிறத்தில் அழகாக இருந்தும் ஆயில் ஏறுகிறது என்றால், பெட்ரோல் சிலிண்டரைத் தொடாமலே சம்புக்கு வருகிறது. கார்புரேட்டரில் கை வைக்கவேண்டாம். நேராக பம்புக்குப் போகலாம். இந்த ஒரு பார்வை இல்லாமல் கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட் மாற்றி, கடைசியில் பம்புக்கு வந்தவர்கள் ஏராளம்.

பிளக்கைப் படிக்கவும் முறை உண்டு. பட்டறை வாசலில் அரைமணி நேரம் ஐடிலில் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். சாலையில் நல்ல இழுவையில் ஓட்டி, கிளட்ச்சை மிதித்து, அதே நொடியில் சாவியை அணைத்து, உருண்டுவந்து நின்றதும் கழற்றுவதே சரி. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டியில் சாவியை உருவிவிடக்கூடாது.

பம்பின் அமைப்பு எளிது. கேம்ஷாஃப்டின் ஒரு மேடு நெம்புகோலைத் தள்ள, அது டயாஃப்ரத்தைக் கீழே இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சும். டயாஃப்ரத்தின் அடியிலுள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்பும். ஆக அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். இந்த வண்டிகளில் அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு. டயாஃப்ரத்துக்கு மேலே பெட்ரோல், கீழே என்ஜினின் ஆயில் மூட்டம். நடுவில் இருப்பது ஒரு ரப்பர் துணி மட்டுமே. அதில் விரிசல் விழுந்தால் ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சம் கீழே இறங்கும். சில பம்புகளின் உடலில் ஒழுக்கு வெளியே தெரிய ஒரு சிறு துளை உண்டு; அது சேறு அடைத்திருந்தால் இருந்தும் பயனில்லை. விரிசல் சிறிதாக இருக்கும்வரை வண்டி நன்றாகவே ஓடும். பிக்கப் குறையாது, புகை வராது. டிப்ஸ்டிக் மட்டுமே சாட்சி.

பம்பைக் கழற்றியதும் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நல்ல பம்பின் உட்புறத்தில் கறுத்த ஆயில் படிந்திருக்கும். ஒழுகும் பம்பின் உட்புறம் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். மீதிப் பாதிக்கு, வெளியேறும் குழாயை விரலால் அடைத்து, உள்வரும் குழாயில் லேசாகக் காற்று ஊதி, பம்பை மண்ணெண்ணெயில் அமிழ்த்தினால் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் அதன் அடியிலிருந்து குமிழி வரும். கழற்றாமலே தீர்க்கவேண்டுமானால் நம் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த பாட்டில் முறை இருக்கிறது: பம்புக்கு வரும் பெட்ரோல் டியூபைக் கழற்றி அடைத்துவிட்டு, உயரே பத்திரமாகக் கட்டிய சிறு டப்பாவிலிருந்து கார்புரேட்டருக்கு நேராகப் பெட்ரோல் கொடுத்து, அளந்து ஊற்றிய புது ஆயிலோடு பட்டறைக்குள் நிறுத்தியே ஓட்டிப் பார்ப்பது. மட்டம் ஏறுவது நின்றுவிட்டால் குற்றவாளி பம்ப். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், அந்த நிலையில் வண்டி சாலைக்குப் போகக்கூடாது.

டயாஃப்ரம் கிழிய வயது ஒரு காரணம். இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2023 முதல் படிப்படியாகப் பங்குகளுக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலை, 1970களின் ரப்பர் கனவிலும் கண்டதில்லை. பழைய ரப்பர் உப்பும், மென்மையாகும், பிறகு வெடிக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்றும் கிடைக்கும் பழைய ஸ்டாக் ரிப்பேர் கிட், பெட்டி பிரிக்காதது என்பதற்காகவே நல்லதாகிவிடாது. அலமாரியில் நாற்பது வருஷம் இருந்த ரப்பரும் கிழட்டு ரப்பர்தான். எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் புதிதாகச் செய்ததையே கேட்டு வாங்கவேண்டும்.

பம்ப் ஒழுகாமலே கலப்புக்குக் காரணமாவதும் உண்டு. கோடையில் பெட்ரோல் ஆவியாகி லைன் அடைத்துக்கொள்வது பழைய அம்பாசடர், பத்மினி ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரிந்த துன்பம். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது அதற்கான கைவைத்தியம். சிலர் அதோடு நிற்காமல், பெட்ரோல் போதவில்லை என்று பம்ப் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடுவார்கள், அல்லது பம்புக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள தடித்த பேக்கிங்கை எடுத்துவிடுவார்கள். அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் கார்புரேட்டரின் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து ஓவர்ஃப்ளோ செய்யும். பிறகு கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று அதைப் பிரிப்பார்கள். அவுட்லெட்டில் ஒரு டி போட்டு பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கேஜ் இருக்கும் பட்டறைகள்தான் குறைவு.

நான்கு பிளக்கும் கறுப்பு என்றால் முதலில் சோக் கேபிள். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருப்பதால் கார்புரேட்டரிலும் சோக் திறந்துவிட்டது என்று பொருளில்லை. பானெட்டைத் திறந்து நெம்புகோல் முழுதும் திரும்புகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். எஸ்யு கார்புரேட்டரில் சோக் என்பது ஜெட்டையே கீழே இறக்குவது. அது பிசின் பிடித்து ஏற மறுத்தால் வண்டி நாள்முழுதும் சோக்கிலேயே ஓடும்.

அடுத்து ஃப்ளோட். ஏர் கிளீனரைக் கழற்றி, ஐடிலில் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மெயின் நாசிலில் பெட்ரோல் சொட்டுவது தெரியும், சொட்டவே கூடாது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அதை ஈயம் வைத்து அடைப்பவர்கள், உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றிய பிறகே சூடு காட்டவேண்டும். அப்படியும் ஈயத்தின் எடையால் ஃப்ளோட் கனத்து, வால்வு தாமதமாக மூடும். பெட்ரோல் மட்டம் உயர்ந்தே நிற்கும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் நீடில் வால்வின் அடியிலுள்ள வாஷரின் தடிமன்தான் மட்டத்தை நிர்ணயிக்கிறது. தடித்த வாஷர் போட்டால் மட்டம் இறங்கும், மெல்லியது போட்டால் ஏறும். கையில் கிடைத்த வாஷரைப் போட்டு மூடியவர் அந்த வண்டியின் மைலேஜை மட்டுமின்றி பேரிங்கின் ஆயுளையும் மாற்றி எழுதியிருக்கிறார். நீடில் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும், டேங்க் துரு ஒரு துகள் சிக்கியிருந்தாலும் விளைவு ஒன்றே. வெகுநாள் நின்ற வண்டியில் எத்தனால் ஈர்த்த ஈரம் கார்புரேட்டரின் வார்ப்பு உலோகத்தை அரித்து வெண்பொடி கட்டும். அந்தப் பொடி போய் உட்காரும் இடமும் நீடில் வால்வுதான்.

ஒரே பிளக் நனைந்திருந்தால் தேடல் சுருங்கிவிடும். பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் என்று வரிசையாக மாற்றிப் பார்த்து, பிறகு கம்ப்ரஷன் எடுக்கவேண்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் ஓடும் என்ஜின் தன் பெட்ரோலில் கால்பங்கை வீணாக்குகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போனாலும் மீதி சுவர் வழியே கீழே இறங்கும். மிஸ்ஸிங்கோடு “இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்” என்று ஓட்டப்பட்ட வண்டிகளில் மட்டம் சட்டென ஏறுவது இதனால்தான். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

ஆயிலில் பெட்ரோல் இருப்பதைப் புகைச் சான்று எடுக்கும் இடத்திலும் பிடிக்கலாம். ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் வழியே சம்பின் ஆவி மறுபடி என்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. பழைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அந்த எண் இறங்காத வண்டியில், என்ஜின் நன்றாகச் சூடான நிலையில் பிரீதர் ஹோஸை மட்டும் கழற்றிப் பார்க்கவேண்டும். எண் சரிந்து விழுந்தால் செறிவு கார்புரேட்டரிலிருந்து வரவில்லை, சம்பிலிருந்து வருகிறது. கருவி இல்லாத பட்டறையிலும் ஐடில் மாறுவது காதுக்குக் கேட்கும். இது தெரியாதவர்கள் மிக்ஸ்சர் ஸ்குரூவைத் திருகிக் கலவையை அளவுக்கு மீறி மெலிதாக்கி, ஆயில் மாற்றிய மறுநாள் வண்டி கிளம்பவே மறுப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

டேங்க் மேலே இருக்கும் வண்டியில் கதை கொஞ்சம் மாறும். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் பம்பே இல்லை. பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. இரவில் பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டு, நீடில் வால்விலும் ஒரு தூசி சிக்கியிருந்தால், விடிவதற்குள் டேங்கில் உள்ளது சிலிண்டர் வழியாகக் கிராங்க் கேசுக்குள் இறங்கியிருக்கும். கிக்கர் பாதியில் இரும்பாக நின்றால் பலம் கொண்டு மிதிக்காமல் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். ஆயில் அளவும் இதில் வேறு விதம். புல்லட்டின் ஆயில், கிராங்க் கேசோடு சேர்ந்து வார்த்த தனி அறையில் இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் அது கிராங்க் பக்கம் வடிந்துவிடும். எனவே காரில் சொன்ன காலைச் சோதனை இங்கே பொய் சொல்லும். சில நிமிடம் ஓட்டி, ஆயில் அறைக்குத் திரும்பியபின் பார்க்கவேண்டும்.

டீசல் அம்பாசடர் இன்னும் தந்திரமானது. டீசல் ஏறக்குறைய 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும் என்பதால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சம்பிலிருந்து கிளம்பாது, சேர்ந்தது சேர்ந்ததுதான். வாசனையும் மங்கல், ஆயில் முதல் நாளிலேயே கறுத்துவிடுவதால் ஃபில்டர் பேப்பரில் வளையம் பிரித்தறிவதும் சிரமம். அங்கே பார்க்கவேண்டியவை லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம், சொட்டும் இன்ஜெக்டர், இன்ஜெக்ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல். உள்ளே முழுதும் டீசல் நிறைந்து ஓடும் ரோட்டரி பம்பில் அந்தச் சீல் போனால் டீசல் டைமிங் பக்கம் வழியே நேராகச் சம்புக்கு வரும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது.

காரணம் கிடைத்துச் சரிசெய்த பிறகே ஆயிலை மாற்றவேண்டும். கலந்த ஆயிலை இறக்கும்போது வண்டி குழிக்கு மேல் நிற்கக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். குழிக்குள் தேங்கி நிற்கும், கீழே தொங்கும் விளக்கின் ஒரு பொறி போதும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றவேண்டும், அதற்குள் தங்கியிருப்பது புது ஆயிலில் போய்க் கலக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி என்ஜினைக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். மெலிந்த ஆயிலால் அடிபட்ட பேரிங்கை இன்னும் மெலிந்த ஒன்றால் கழுவுவதில் நியாயம் தெரியவில்லை. விலை குறைந்த அதே கிரேடு ஆயிலை ஊற்றி, சில நாள் ஓட்டி, சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டு நல்ல ஆயிலுக்குப் போவது மேல். ஆயில் பிரஷர் மீட்டர் உள்ள வண்டியில் சூடான ஓட்டத்தில் முள் 50 பவுண்டுக்கு அருகே திரும்பி வருகிறதா என்பது அடுத்த சோதனை. புது ஆயிலிலும் முள் ஏறாவிட்டால் பேரிங் ஏற்கெனவே போயிருக்கிறது. சம்பை இறக்கிப் பார்க்கவேண்டியதுதான்.

பிறகு வாரம் ஒருமுறை, வண்டியைக் கிளப்பும் முன், அதே இடத்தில் நிறுத்தி மட்டம் பார்த்து ஓடிய கிலோமீட்டரோடு எழுதிவரவேண்டும். அந்தக் கணக்கில் குறுகிய ஓட்ட வாரங்களும் நெடுந்தூர வாரம் ஒன்றாவதும் இருக்கவேண்டும். இரண்டு வகை வாரத்திலும் ஆயில் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் பழுது தீர்ந்தது.